இரண்டேகால்

சிமெண்ட் ஊற்றி நிரப்பிய அரை டயர்,
அதன் மூக்கில் ஒரு கொக்கி,
கொக்கியில் வில் தராசு.
என் கருவி இவ்வளவுதான். எடை பதினைந்து கிலோ.
சூசாமிர் பள்ளத்தாக்கின் சாலையில்
இதை நான் இழுத்துப் போனால்
செம்மறிகள்கூட மேய்ச்சலை நிறுத்திப் பார்க்கும்.

வழக்கு இது:
மெலிஸின் பால் லாரி. அசன்குலின் சினைக் குதிரை.
திங்கள் இரவு, பாலத்துக்கு முந்தைய இறக்கம்.
வெண்பனியில் சக்கரங்கள் இழுத்த இரு கருங்கோடுகள்
விடிந்தால் கரைந்துவிடும் என்று
ஊர்க்காவலர் ஒருவர் புத்தியாய்
தொடக்கத்தில் ஒரு கல்லும்
முடிவில் ஒரு கல்லும் வைத்திருந்தார்.
நடுவே நாற்பது மீட்டர்.

எனக்கு முன் அளந்தவர் நண்பகலில் வந்தார்.
வெயில். காய்ந்த தார்.
தராசு பத்தரை காட்டியது.
பதினைந்துக்குப் பத்தரை, பூஜ்யம் புள்ளி ஏழு;
பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால்
மணிக்கு எண்பத்து நான்கு.
கையெழுத்து. முத்திரை.
'நாற்பதைத் தாண்டலை' என்றான் மெலிஸ்.
எல்லா ஓட்டுநரும் சொல்வதுதான்.

சாலை அதேதான், டயரும் அதேதான்.
இரவு மட்டும் அதே இரவு இல்லை.
நான் இரவுக்காக ஜீப்பில் படுத்திருந்தேன்.

முதல் நாள் பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
பனிக்கட்டி வறண்டு முறைத்தது,
முள் மூன்றே முக்காலில் நின்றது.
குளிர் ஏற ஏற வழுக்கும் என்பார்கள். இல்லை.
உருகலாமா வேண்டாமா என்று
பனி தயங்கும்போதுதான் காலை வாரும்.
பெட்ரோல் நிலையத்து நோட்டில்
திங்கள் இரவு 'மைனஸ் இரண்டு' என்று
யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்.

மூன்றாம் இரவு அந்த இரண்டு வந்தது.
கொக்கியைப் பிடித்து இழுத்தேன்.
முள் மூன்றுக்கு எகிறியது, டயர் அசையவில்லை.
கொஞ்ச நேரம் முரண்டு.
பிறகு நழுவியது, நழுவியதும்
இரண்டேகாலுக்கு இறங்கி அங்கேயே கிடந்தது.
உருளும் சக்கரத்துக்கு அந்த மூன்று கிடைத்திருக்கும்;
மெலிஸோ பயத்தில் மிதித்துப் பூட்டிவிட்டான்.
பூட்டிய சக்கரத்துக்கு இரண்டேகால்தான்.

நாற்பது மீட்டர், இரண்டேகால்:
மணிக்கு முப்பத்தொன்பது.

அசன்குல் தொப்பியைக் கழற்றி வீசினார்.
'நாலு டன் பால்! அந்தக் கனம் கொன்றது என் குதிரையை!'
கனம் முன்னே தள்ளுகிறது, கனமே கீழே அழுத்துகிறது,
இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது,
காலி லாரியும் நாற்பதில்தான் நிற்கும் என்றேன்.
'அப்படியானால் கனத்துக்குக் கணக்கே இல்லையா?'
'நிற்பதற்கு இல்லை. மோதுவதற்கு உண்டு.'
அவர் தொப்பியை எடுத்துத் தட்டினார்.

சாலையோரத்தில் நான்கு கீறல்கள் இருந்தன.
குதிரையும் நிற்கப் பார்த்திருக்கிறது.
லாடத்தில் குளிர்கால ஆணி அடித்தீர்களா என்று
நான் கேட்கவில்லை.
கேட்டதுபோலவே அவர் தலை குனிந்தார்.

கடைசியாக ஒன்று மட்டும் கேட்டார்:
'எப்போ பார்த்தான் அதை?'

முதல் கல்லுக்குப் பின்னால் நடந்ததெல்லாம்
சாலை எனக்குச் சொல்லிவிட்டது.
முதல் கல்லுக்கு முன்னால்
இறக்கத்தின் உச்சியிலிருந்து நேராக நூறு மீட்டர்.
நிலா இருந்த இரவு.
அங்கே கோடு இல்லை, கீறல் இல்லை,
உரசாத இடத்தில் எதுவும் பதிவாவதில்லை.
என் சூத்திரத்தில் அதற்கு ஓர் எழுத்தும் கிடையாது.

முப்பத்தொன்பது என்று எழுதிக் கொடுத்தேன்.
அது உண்மை.

மறுநாள் மெலிஸ் ஒரு ஜாடி பாலேடு கொண்டுவந்தான்.
நன்றி என்றான், ஜாடியைப் பார்த்து.
பின் என் ஜீப்பைப் பார்த்து, பாலத்தைப் பார்த்து.
'அந்த நூறு மீட்டர்…' என்றேன்.
அவன் கையுறையை மாட்டினான், கழற்றினான்.

ஜாடியை வாங்காமல்
டயரை ஜீப் பக்கம் இழுத்தேன்.
மைனஸ் ஒன்று இருக்கும்.
லேசாக வந்தது.